பட்டியலில் இல்லாத நர்ஸ்

உனைசி அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தாள். ஃபிஜியில் வனுவா லேவு தீவின் வடக்குக் கரையில், கரும்பு லாரிகள் போகிற சாலையை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. பால் கட்டி மார் கல்லாகிப்போனவள், காம்பு வெடித்து அழுகிறவள், யாராக இருந்தாலும் முதலில் உனைசியைத்தான் கேட்பார்கள். வந்தவுடன் அவள் எதுவும் சொல்லமாட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தை குடிப்பதை முழுசாகப் பார்ப்பாள். பிறகு தலையணையைக் கொஞ்சம் நகர்த்துவாள். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிவிட்டு, அது வாயை அகலத் திறக்கும்வரை பொறுக்கச் சொல்வாள். பாதிப் பேருக்கு அதுவே போதும். மற்றவர்களுக்காக மறுநாளும் வந்து உட்காருவாள்.

வருஷத்துக்கு ஒருமுறை தலைநகர் சுவாவில் தாய்ப்பால் பயிற்சி நடக்கும். ஒரு வாரம் ஓட்டலில் தங்கல், கடைசி நாள் சான்றிதழ். ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும்போதெல்லாம் வார்டுப் பொறுப்பு சிஸ்டர் அகனிசி ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “நீ போயிட்டா வார்டை யாரு பாப்பா?” இருவரும் நர்ஸிங் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆரம்பத்தில் உனைசிக்கு அது பாராட்டாகப் பட்டது. ஏழெட்டு வருஷம் கழிந்தபோது அப்படிப் படவில்லை. கண் பிரிவு நர்ஸ் போய்வந்தாள். மருந்துக் கிடங்குக்காரி போய்வந்தாள். அகனிசியே இரண்டு முறை போய்வந்தாள். பயிற்சியில் கொடுத்த, கம்பளி நூலில் பின்னிய மார்பு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து தேநீர் மேசையில் போட்டுச் சிரித்தார்கள். “உனைசி, நீ இதை வச்சாவது பழகிக்கோ. சுவா பாக்கத்தான் உனக்குக் குடுத்துவைக்கல” என்றாள் கண் பிரிவுக்காரி. உனைசியும் சேர்ந்து சிரித்தாள்.

தாய்ப்பாலுக்கு உகந்த மருத்துவமனை என்ற அங்கீகாரப் பலகைக்கு ஆஸ்பத்திரி விண்ணப்பித்த வருஷம், சோதித்துப் பார்க்க சுவாவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அந்த இரண்டு நாளும் உனைசியைப் புண் கட்டும் அறையில் இருக்கச் சொன்னாள் அகனிசி. வார்டில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் நின்றால் போதும் என்றாள்.

வந்தவர்கள் தாய்மார்களிடம் கேட்டார்கள். கரும்புத் தோட்டத்துப் பெண் ரேஷ்மிகாவுக்கு அது இரண்டாம் குழந்தை. பால் கொடுக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் உனைசி சிஸ்டர் என்றாள். அடுத்த கட்டிலும் அதையே சொன்னது. ஆறு பேரில் ஐந்து பேர் அதே பெயரைச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்களின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை அந்தப் பெயர் இல்லை. பயிற்சி இல்லாத ஊழியர் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்கிறார் என்று அறிக்கை எழுதினார்கள். பலகை கிடைக்கவில்லை.

அகனிசி உனைசியைக் கூப்பிட்டனுப்பினாள். மேசையில் அறிக்கை இருந்தது.

“நீ தப்பா எதுவும் செய்யல. எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல நீ இல்லையே.”

“பேப்பர்ல போட வேண்டியது யாரு?”

அகனிசி அறிக்கையை ஓரமாகத் தள்ளினாள். பயிற்சி முடிக்கும்வரை தாய்மார்களுக்கு உனைசி எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எழுதிய தாளை நீட்டினாள். உனைசி கையெழுத்துப் போட்டாள். “சரிங்க சிஸ்டர்” என்றாள். அதுவரை அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள்.

அதன்பின் உனைசி மருந்து கொடுத்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், விரிப்பு மாற்றினாள். குழந்தைகள் அழுத பக்கம் திரும்பவில்லை. சொன்னபடி நடப்பதில் ஒரு கசந்த சுகம் இருந்தது.

மூன்றாம் வாரம் வசிதி வந்தாள். பத்தொன்பது வயசு, முதல் பிரசவம், மலைக் கிராமத்துப் பெண். குழந்தை மார்பைப் பற்றிப் பற்றி நழுவியது. உனைசியோடு வார்டில் நின்று, பிறகு சுவாவில் பயிற்சியும் முடித்து வந்திருந்த இளம் நர்ஸ் தோரிகா, படித்த பத்துக் குறிப்புகளையும் வரிசையாகச் சொன்னாள். நல்ல பெண்தான், அக்கறையாகத்தான் சொன்னாள். குழந்தை அழுதது, வசிதியும் அழுதாள். மூன்றாம் நாள் மதியம் தோரிகா துணி அலமாரிப் பக்கம் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

துண்டுகளை மடித்துக்கொண்டே உனைசி, “எனக்குப் பயிற்சி இல்லம்மா. உன் புத்தகத்துல பாரு” என்றாள்.

தோரிகாவின் முகம் சுருங்கியது. உனைசி அதைப் பார்த்தாள். கதவு வழியாக வசிதியின் கட்டிலும் தெரிந்தது. அவள் குழந்தையைத் தாழ்வாக, கழுத்து திரும்பியபடி பிடித்திருந்தாள். கையைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும். பத்தடி தூரம். உனைசி அடுத்த துண்டை எடுத்து மடித்தாள்.

குழந்தையின் எடை இறங்கியதால் டாக்டர் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, குழந்தை பசியோடு கிடக்க முடியாது. மார்பிலும் பால் ஊற வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் வசிதி ஒரு பால்மாவு டின்னோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் பயிற்சி இந்த ஊருக்கே வந்தது. பலகை வேண்டுமே, எல்லோரையும் உட்கார வைத்தார்கள். வகுப்பு நடத்தியவர்களில் தோரிகாவும் ஒருத்தி. கம்பளி மார்பைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட வேண்டும் என்றாள். அதை அவள் எங்கே கற்றாள் என்பது இருவருக்கும் தெரியும். தோரிகா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். உனைசி நோட்டில் எழுதிக்கொண்டாள். சான்றிதழ் வந்தபோது அவள் ஓய்வு பெறப் பதினோரு மாதம் பாக்கி இருந்தது.

அந்த மாதமே ஒரு சனிக்கிழமை சந்தையில், சேப்பங்கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் வசிதியைப் பார்த்தாள். மடியில் குழந்தை. ஒல்லியாக இருந்தது, வயசுக்குச் சின்னதாக. புட்டியில் இருந்தது பால் என்று சொல்லும்படி இல்லை, வெறும் வெளுத்த தண்ணீர். நாலு நாளைக்கான டின்னைப் பத்து நாளுக்கு இழுக்கிறோம் என்று வசிதி சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் போட்டதையும் சொன்னாள்.

அப்புறம், குறை சொல்கிற குரலே இல்லாமல், “அப்போ வார்டுல எல்லாரும் உங்களைப் பத்திதான் சொன்னாங்க சிஸ்டர். நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு உங்களுக்கு ரொம்ப வேலை போல” என்றாள்.

“ஆமா,” என்றாள் உனைசி. “வேலை.”

வசிதி ஒரு கீரைக்கட்டைக் காசு வாங்காமல் அவள் பையில் திணித்தாள்.  உனைசி அதை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.