வாய்க்கால் கரையில் யார் இறங்குவது

எங்கள் பக்கத்து வாய்க்கால் கரை ஒரு முழம் அகலம்தான். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் கழனிச் சேறு. அதில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால், சுமை இல்லாதவர் கீழே இறங்கி நிற்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கத் தெரிந்தபோதே இதுவும் தெரிந்துவிட்டது. இருபது வருடமாக அந்தக் கரைமேல்தான் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு சாலவாக்கம் போய் வருகிறேன். போகும்போது கேன் நிறைந்திருக்கும், எல்லோரும் எனக்கு வழி விடுவார்கள். திரும்பும்போது கேன் காலி. நான் எல்லோருக்கும் இறங்குவேன்.

இந்தப் பழக்கம்தான் போன வருடம் என்னைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்திலிருந்து கியர் சைக்கிள் கூட்டம் ஒன்று எங்கள் ஏரிப் பக்கம் வரும். ஒருநாள் பால் கேனோடு போய்க்கொண்டிருந்த என்னை அவர்களால் கரைமேல் பிடிக்க முடியவில்லை. மறுவாரமே ஒரு பழைய கியர் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு, அங்கே அவர்கள் நடத்தும் போட்டியில் சேரச் சொன்னார்கள். ஏரிக்கரை, வாய்க்கால் கரை, பனந்தோப்பு என்று மூன்று சுற்று. பெண்களில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் நீலகிரியில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நாற்பத்தொரு வயதில் எனக்கு அந்த இடத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வேறு எதன்மேலும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

போன வருடம் பின்னால் வந்தவர்கள் வழி கேட்டு "ட்ராக்! ட்ராக்!" என்று கத்தினார்கள். கத்தியவர்களுக்கெல்லாம் நான் மரியாதையாகச் சேற்றில் இறங்கி நின்றேன். ஆறாவதாக வந்தேன். போட்டி நடத்தியவர் தலையில் அடித்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். பின்னால் வருகிறவர் எந்தப் பக்கமாக வருகிறார் என்று குரல் கொடுக்க வேண்டும், இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று பின்தங்கியவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரும்தான் வழி விட வேண்டும். அதே இடத்துக்குப் போட்டி போடுகிறவளுக்கு நான் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நீ போட்டிக்குப் போனியா, கல்யாண வூட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கப் போனியா? வர்றவங்களுக்கெல்லாம் வழி வுட்டுக்கினு நின்னியாமே."

அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த முறை எவள் கத்தினாலும் சரி, தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, இறங்க மாட்டேன்.

இந்த வருடம் இறங்கவில்லை. முதல் சுற்றிலிருந்தே ஒரு கல்லூரிப் பெண் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். "ட்ராக், ஆண்ட்டி! லெஃப்ட்ல வரேன் ஆண்ட்டி!" ஆண்ட்டி என்று கூப்பிட்டதற்காகவே இன்னும் இரண்டு மிதி மிதித்தேன். "மதகாண்ட எடம் கீது, முடிஞ்சா அங்க தாண்டு!" என்று கத்தினேன். மதகுக்குப் பக்கத்தில் மட்டும் கரை இரண்டு சைக்கிள் போகிற அளவுக்கு அகலும். இரண்டு சுற்றிலும் அங்கே அவளால் தாண்ட முடியவில்லை. மூன்றாவது சுற்றில், மூன்றாவது இடத்தில், வாய்க்கால் கரையில் பாதி தூரம் வந்துவிட்டேன்.

அப்போது எதிரே புல்லுக்கட்டு வந்தது.

கட்டுக்குக் கீழே யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருக்காரி, என்னிடம் பால் ஊற்றுகிறவள். கரைமேல் ஆள் ஏறாமல் தடுக்க முனையில் விசிலோடு ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். இவள் நடுவில் ஒரு கழனியிலிருந்து மேலே ஏறியதால் அவர் பார்க்கவில்லை. அவள் கத்தவில்லை, கை காட்டவில்லை, சும்மா வந்தாள். எவள் கத்தினாலும் இறங்கக் கூடாது என்று ஒரு வருடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டவள் நான். கத்தாதவளுக்கு என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை. பிரேக்கை அழுத்தி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் சேற்றில் குதித்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் கரைமேல் யாருமே இல்லை. அவளும் புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவே கரை அப்படியே காலியாகக் கிடந்தது. அதன்மேல் அந்தக் கல்லூரிப் பெண் போய்விட்டாள். போகும்போது "தேங்க்ஸ் ஆண்ட்டி" வேறு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏறி மிதித்தேன். மதகுக்கு முன்னால் அவளைப் பிடித்துவிட்டேன். "ரைட்ல வரேன்!" என்று இப்போது நான் கத்தினேன். அவள் இறங்கவில்லை. இறங்கத் தேவையில்லை, அந்தச் சட்டத்தை நான்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேனே. தோளால் ஒரு இடி இடித்தால் அவள் தண்ணீரில் கிடப்பாள். இடித்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைத் தள்ளிவிட்டுப் போனால் அதற்குத் தாண்டியதாகப் பெயர் கிடையாது. மதகு வரை பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே வலது பக்கம் ஏறி, அவளுக்குச் சமமாக வந்தேன். பனந்தோப்பில் அவளுடைய இருபது வயது வேலையைக் காட்டியது. ஒரு சக்கர தூரத்தில் நான் நாலாவது.

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆண்ட்டி, ரெண்டு பேருமே இறங்கிட்டீங்க. எனக்குத்தான் வழி விட்டீங்கன்னு நினைச்சேன்." அவள்மேல் தப்பில்லை. அது தெரிந்ததால்தான் அழுகை வந்தது. பனைமரத்துப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

சாயங்காலம் பால் எடுக்கப் போனபோது புல்லுக்கட்டுக்காரி வாசலிலேயே காத்திருந்தாள்.

"நீ இன்னாத்துக்குக்கா எறங்குன? போட்டின்னு தெரிஞ்சிதானே நான் எறங்குனேன்."

"தலைல சுமை வெச்சிக்கினு நீ ஏன்டி எறங்குன?"

"நீதான் அப்படிப் பறந்துக்கினு வந்தியே!" அவள் பால் சொம்பை என்னிடம் நீட்டினாள். "என்னாலதான் போச்சி. அடுத்த வருசம் அன்னிக்கி நான் புல்லுக்கே வரலக்கா."

"ஏன், மாட்டுக்கு அன்னிக்கி மட்டும் விரதமா? நீ வரணும். நான் எறங்கத்தான் போறேன். எறங்கி ஏறியும் எவளும் என்னைத் தாண்டக் கூடாது."

கோபத்தில் சொன்னதுதான். சொல்லி முடித்ததும், செய்ய வேண்டியது அதுதான் என்று தெளிவாகத் தெரிந்தது.

இப்போது தினமும் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போகிறேன். அவள் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு எதிரே வருவாள். நான் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்பேன். அவள் என்னைத் தாண்டியதும் கரைமேல் பாய்ந்து ஏறி மிதிப்பேன். என் கால் பெடலில் படும் சத்தம் கேட்பதற்குள் தான் எத்தனை அடி வைத்தாள் என்று அவள் எண்ண வேண்டும். முதல் வாரம் பதினொன்று. ஒருநாள் ஏறும்போதே வழுக்கி வாய்க்காலில் விழுந்தேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, தலையிலிருந்த புல்லுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

நேற்று முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினாள்.

"மூணுதான்கா!"

"மூணு ஜாஸ்தி. இன்னொரு தபா வா."

அவள் கட்டை இறக்காமலே திரும்பி வந்தாள்.