பேசாமல் தூக்க வேண்டிய கண்ணாடி

கண்ணாடிக்காரர் செய்தது தப்புதான். அவரே மறுக்கவில்லை, நாம் ஏன் மறுக்க வேண்டும்? கூட வேலை செய்யும் மைத்துனனை, அதாவது மனைவியின் தம்பியை, ஒரு கட்டட முதலாளி கன்னத்தில் அறைந்தான். கண்மண் தெரியாத கோபத்தில் இவரும் மைத்துனனும் சேர்ந்து அவனைப் புரட்டி எடுத்தார்கள். போதாக்குறைக்கு அவன் காரின் முன்கண்ணாடியையும் நொறுக்கினார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற கைகள் செய்த வேலை அது.

நீதிபதி நல்ல மனுஷர். சிறை வேண்டாம், இருவரும் வீட்டிலிருந்தே தண்டனையை அனுபவிக்கட்டும் என்றார். வாரம் ஒரு கையெழுத்து, விடுமுறை நாளில் கூலியில்லாத பொதுப்பணி, கைவசம் ஒரு நிலையான வேலை. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மேற்பார்வை அலுவலகத்தின் கொள்கையில் இன்னொரு வரி இருந்தது. தண்டனை பெற்றவர் தண்டனை பெற்ற இன்னொருவரோடு பழகக் கூடாது, பேசவும் கூடாது. கெட்ட சகவாசம் ஆளைக் கெடுத்துவிடுமாம். இப்படிச் சொல்லிவிட்டு, கையெழுத்து நாளில் எல்லாரையும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்ததும் அதே அலுவலகம்தான்.

ஆளுயரக் கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. மாடிப்படியில் மேல்பக்கம் பிடிப்பவர் பின்னோக்கி ஏற வேண்டும். அவருக்குக் கண் கீழே இருப்பவர்தான். பதினைந்து வருஷமாக அந்தக் கண் மைத்துனனுடையது. இந்த விதியால் கண்ணாடிக் கடைக்காரர் அவனைப் பிரித்து வேறு ஊழியரோடு போட்டார். இவருக்கு வந்த புது ஆள், சாய்க்க வேண்டிய இடத்தில் தூக்கினான். கண்ணாடி போயிற்று, அவன் கையிலும் தையல்.

கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு உன்மேல கோவம் இல்லப்பா. ஆனா இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான். இந்த மாசத்தோட நீ வேற இடம் பாத்துக்க."

வேலை போனால் நிபந்தனை மீறல். மீறினால் சிறை. மைத்துனனோடு வேலை செய்தாலும் மீறல்தான், அதற்கும் சிறை. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. மைத்துனனோடு வேலை செய்ய அனுமதி கேட்டு மேற்பார்வை அதிகாரியம்மாவிடம் மூன்று முறை மனுக் கொடுத்தார். மூன்று முறையும் "பரிசீலனையில இருக்கு" என்று ஒரே பதில். பரிசீலனை என்பது அலுவலகத்தில் தூக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர்.

அந்தச் சனிக்கிழமை பொதுப்பணிக்காக நூலகத்துக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் மைத்துனன். மாடியில் புதுக் கூடம், மறுநாள் திறப்பு விழா, மாட்ட வேண்டியவை இரண்டு பெரிய கண்ணாடிகள். பயந்துபோய்த் திரும்பிப் போகப் பார்த்தவரை அதிகாரியம்மா நிறுத்தினார்.

"போகாதீங்க. பொதுப்பணிக்கு விதிவிலக்கு இருக்கு. சேர்ந்து செய்யலாம். ஆனா பேசக் கூடாது."

கூலி கிடைக்கும் வேலையில் இவர்கள் சேர்ந்தால் ஊர் கெட்டுப்போகும். ஓசி வேலையில் சேர்ந்தால் கெடாது. வயிறு எரியாதா?

வாயை மூடிக்கொண்டு தூக்கினார்கள். நாலு படி ஏறியதும் கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார்.

"மேடம், திருப்பம் எங்கன்னு அவன் சொல்லணும். இல்லன்னா நீங்க கூட வந்து சொல்லுங்க."

அதிகாரியம்மா கண்ணாடியைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "சரி, பேசுங்க. வேலையைப் பத்தி மட்டும்."

"இன்னும் ரெண்டு படி மாமா. இடது பக்கம் சாய்ங்க. மெதுவா," என்றான் மைத்துனன். கண்ணாடி அலுங்காமல் மேலே போய் உட்கார்ந்தது.

"திங்கட்கிழமை கடையில இதே மாதிரி ஒண்ணு இருக்கு மேடம். அப்பவும் பேசலாமா?"

"அது வேற. அது உங்க சொந்த வேலை."

கண்ணாடிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இன்னொரு கண்ணாடியை நான் தொட மாட்டேன்."

"வேலையை மறுத்தா மீறல். என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். வேலை போனாலும் ஜெயில்தான், மறுத்தாலும் ஜெயில்தான். எப்படியும் போகத்தான் போறேன், இங்கேருந்தே போயிடறேன்."

மைத்துனனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நூலகர் கையைப் பிசைந்துகொண்டு, நாளைக்கு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று அதிகாரியம்மாவின் காதில் சொன்னார். அதிகாரியம்மா தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். பேச்சு நீளவில்லை.

"கடையிலயும் ரெண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யலாம், பேசலாம்னு சொல்லிட்டாங்க. உத்தரவு திங்கட்கிழமை காலையில கைக்கு வந்துடும். இப்ப சந்தோஷமா?"

கண்ணாடிக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பொழப்பு போகுது, பிள்ளைங்க பட்டினி கிடக்கும்னு மூணு மனுக் கொடுத்தேன். அப்ப வராத அனுமதி, ஒரு திறப்பு விழாவுக்கு வந்துடுச்சு. அப்ப இந்த விதி இத்தனை நாளா யாரைத் திருத்தறதுக்கு மேடம் இருந்துச்சு?"

அதிகாரியம்மா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த கண்ணாடியை எடுக்கச் சொன்னார்.