முதலில் போன பெட்டி

எங்கள் குடும்பத்தில் நாலு பேர். அதில் மூன்று பேர் ஒரு திங்கட்கிழமை காலை கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டோம். புறப்பட்ட பிறகும் திருகோணமலையில், எங்கள் வீட்டில்தான் இருந்தோம், உண்டோம், உறங்கினோம். கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக் கதை போல இருக்கும். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களுக்கு விளங்கும்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய காலம் அது. அப்பா கப்பல் திருத்துகிற டொக்யாட் பட்டறையில் பிற்றர், மிசின் கழற்றிப் பூட்டுகிறவர். கப்பல் பம்பு எது இழுக்காமல் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்களாம். அப்படி அப்பாதான் சொல்லுவார், என்றாலும் மற்றவர்களும் மறுத்ததில்லை. இப்போது கப்பலும் குறைந்தது, பம்பும் குறைந்தது, பட்டறையில் ஆட்களையும் பகுதி பகுதியாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவுக்கு மேலாளாக இருந்த போர்மன் முன்கூட்டியே கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். அவர் அங்கிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்: வேலை இருக்கிறது, குடும்பத்தோடு இருக்கக் குவாட்டஸ் இருக்கிறது, மாதம் முடிய முன் வந்து சேர வேண்டும்.

அம்மா வரமாட்டேன் என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் தன் உடுப்புகளோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அப்பாவும் அப்படி வந்தவர்தான். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்டுத்தான் அடிப்பார். அம்மாவும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் ஓம் என்பார்.

"எனக்கு எழுதித் தந்த வீடு இது. இதைப் பூட்டிப்போட்டு ரெண்டு அறைக் குவாட்டஸிலை போய் ஒடுங்கிக் கிடக்க என்னாலை ஏலாது" என்பார் அம்மா. "அந்தச் சிங்களப் பாஷையிலை எனக்கு ஒரு சொல்லும் வராது. சந்தையிலை நான் கையைக் காலைக் காட்டியோ மீன் வாங்கிறது? தம்பிக்கு நெஞ்சுச் சளி. அந்தக் குழாய்த் தண்ணி அவனுக்குச் சரிவராது."

"இஞ்சை என்ன இருக்கு?" என்பார் அப்பா. "பட்டறையைப் பூட்டினால் நான் உம்மடை வீட்டுக் கூரையைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறதோ? பாஷை பழகினால் வரும். கொழும்பிலை பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஆம்பிளைக்கு வேலை இருக்கிற இடம்தான் வீடு."

இது காலையில் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுவது போல எனக்கு இரண்டு பக்கமும் மனப்பாடம். கூட வேலை செய்தவர்கள் வந்து விசாரித்தால், அப்பா படலையடியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்: "நான் எப்பவோ ஆயத்தம். அவதான் விடுறா இல்லை. பொம்பிளையை அழவைச்சுக் கூட்டிக்கொண்டு போக ஏலுமோ?" வந்தவர்கள் அம்மா சமைக்கிற குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அம்மாவில் கோபம் வரும். கோபத்தோடு பயமும் வரும், ஏனென்றால் எனக்குப் பத்து வயது, அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக நினைத்துப் பார்க்கத் தெரியாத வயது.

இந்த இழுபறிக்குள் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தமையன். தம்பலகாமத்தில் வயல், இரண்டு உழவு மிசின், சட்டைப் பைக்குள் எப்போதும் பஞ்சாங்கம். "கொழும்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், எங்களோடை வாங்கோ மச்சான். என்ர மிசின் மாதத்திலை பாதி நாள் படுத்துத்தான் கிடக்கு, திருத்த ஆளில்லை" என்று அப்பாவிடம் சொன்னார். "கப்பல் பாத்த கையைச் சேத்திலை வைக்கச் சொல்லுறீரோ?" என்று அப்பா கேட்டார். மாமா கோபிக்கவில்லை. போகிறதென்றால் நல்ல நேரத்திலே போகட்டும் என்று பஞ்சாங்கத்தை எடுத்தார். எடுத்தால் லேசில் வைக்கமாட்டார்.

அவருடைய கணக்கின்படி, குடும்பமாகக் குடிபெயர அந்த மாதத்தில் வருகிற திங்கட்கிழமை காலை ஒன்றுதான் நல்ல நேரம். ஆனால் அந்தத் திங்கள் அப்பாவுக்கு இன்னும் பட்டறையில் வேலை. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், கொழும்போ மேற்கே. வியாழன் பின்னேர ரயில் என்றால் பிழையில்லை, ஆனால் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற அளவுக்கு நல்ல நேரமுமில்லை. இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பெட்டியை முதலில் அனுப்பிவிடுவது. போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அந்த நேரத்திலேயே தொடங்கியதாகக் கணக்கு. ஆட்கள் சில நாள் பிந்திப் போகலாம். ஆனால் போகிற ஒவ்வொருவருடைய உடுப்பும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். போன பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் அழிந்தது.

திங்கட்கிழமை அப்பா விடியவே எழும்பி, றங்குப்பெட்டிக்குள் தன் வேட்டி, சட்டை, தம்பியின் காற்சட்டை, என் நீலச் சட்டை எல்லாம் அடுக்கினார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சீலை தாருமன். பழசெண்டாலும் காணும்."

"நான் இல்லாமல் என்ர சீலைக்குக் கொழும்பு பாக்கத் தேவையில்லை" என்றார் அம்மா, திரும்பாமலே.

அப்பா அம்மாவின் சீலை இல்லாமலே பெட்டியைப் பூட்டினார். மேற்கே முதல் வீடு கிண்ணியா மாமியின் வீடு. மாமி கிண்ணியாவிலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர், ஐந்து நேரமும் தொழுகிறவர். திசை சரியாக இருந்தால் அது யாருடைய வீடு என்று பஞ்சாங்கம் கேட்பதில்லை. மாமியும் எங்கள் சாத்திரத்தைக் கேட்கவில்லை. அப்பா அவ்வளவு பக்குவமாகச் சுமந்து வந்ததைப் பார்த்து, உள்ளே நகை இருக்கிறதாக்கும் என்று தானே முடிவுகட்டி, பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவைத்துக் காவல் இருந்தார். அந்தக் கிழமை தன் தங்கை வீட்டுக் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை.

அன்று இரவு அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையை அம்மா கழுவித் துடைத்து உயரத்தில் வைத்துவிட்டு, வாழையிலை வெட்டி வந்து விரித்தார்.

"இது என்ன புதினம்?" என்றார் அப்பா.

"போன ஆக்கள் வந்தால் விருந்தாளியள்தானே. விருந்தாளிக்கு இலைதானே போடுறது."

எனக்கும் தம்பிக்கும் கூட இலை. அம்மா எங்களுக்கு "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று ஊர் மரியாதையோடு பரிமாறினார். தம்பிக்குச் சின்ன வயது, இலையைக் கண்டு கைதட்டினான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம், அம்மா தனியே ஒரு பக்கம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்குள் இருக்கிறவர்கள் போய்விடுவார்கள், இல்லாதவர் நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை. பக்கத்துப் பிள்ளை "நீ போகேக்குள்ளை உன்ர பென்சில் பெட்டியைத் தந்திட்டுப் போறியோ?" என்று கேட்டாள். அழுதுவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் அம்மா மீன் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போனார். பட்டறைப் படலை அந்த வழியில்தான். படலை சாத்தி, பெரிய பூட்டுத் தொங்கியது. எதிரே மதிலோரம், மர நிழலில், அப்பா குந்தியிருந்தார். வேலைக்குப் போகிற காக்கிக் காற்சட்டை. மடியில் அம்மா காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல், கட்டு அவிழ்க்காமல். அவர் எங்களைக் காணவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்தார். கடலில் பார்க்க அன்று ஒன்றுமில்லை.

நான் "அப்பா" என்று வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நெரித்தார். அப்படியே திரும்பிவிட்டோம். மீனும் வாங்கவில்லை.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். வந்ததும் கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, எண்ணெய் பிடித்த கைகளைத் தேய்ப்பது போல முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். அம்மா குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாப்பாடு இலையில் இல்லை. கோப்பையை எடுத்து வந்து அதில்தான் போட்டார். அப்பா கோப்பையைப் பார்த்தார், பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

வியாழன் காலை அம்மா கூறைச்சீலையை அலுமாரியிலிருந்து எடுத்தார். பழசு ஒன்றுமில்லை, கலியாணச் சீலையே. என்னையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, என் நீலச் சட்டைக்கு மேலே அதை மடித்து வைத்தார். எட்டிப் பார்த்த மாமி நெஞ்சில் கைவைத்தார்.

"என்ட அல்லா! உடுப்பா இதுக்குள்ள? நகையெண்டு நெனச்சி நான் கலியாணத்துக்கும் போகல்லயே புள்ள!"

அம்மா சிரித்தார். அந்தக் கிழமையில் அம்மா சிரித்தது அதுதான் முதல். "மாமி, நாங்கள் எல்லாரும் இண்டைக்குப் போறம். எங்கடை கோழியளை நீங்களே வைச்சிருங்கோ" என்றார். மாமி கலியாணத்தை மறந்து அழத் தொடங்கினார். அழுதுகொண்டே கோழிகளை எண்ணி வாங்கினார்.

பிறகு அம்மா நின்ற நிலையில் இல்லை. அரிசிமா வறுத்துக் கட்டினார். யன்னல்களைச் சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றித் துடைத்தார். இடையில் ஒரு தரம் மண்டப நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தார். கண் கலங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தார். நான் காற்றில் நடந்தேன். எல்லாரும் ஒரே பெட்டிக்குள்.

அன்று அரைநாள் வேலை என்று சொல்லிப் போன அப்பா மத்தியானம் வந்து, வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றக் குனிந்தார்.

"நான் சீலையை வைச்சிட்டன்" என்றார் அம்மா. "பின்னேர ரயிலுக்கு வெளிக்கிடுவம்."

"என்ன?"

"நானும் வாறன் எண்டுறன்."

அப்பா ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பிக்கு நெஞ்சுச் சளியெல்லே. அந்தக் குழாய்த் தண்ணி..."

"கொழும்பிலை பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

"குவாட்டஸ் ரெண்டு அறைதானாம்."

"நாங்களும் நாலு பேர்தானே."

"உமக்குப் பாஷை வராது."

"பழகினால் வரும்."

"உமக்கு எழுதித் தந்த வீடு. பூட்டிப்போட்டுப் போனால் கறையான் தின்னும்."

"திறப்பை மாமியிட்டைக் குடுத்திட்டுப் போவம். அவ பாப்பா."

நான் ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான வாய்ப்பாடுதான். ஆனால் அம்மாவின் பக்கத்தை அப்பாவும் அப்பாவின் பக்கத்தை அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்பா செம்புக்குள் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அங்கை எல்லாம் புது மிசினுகளாம். படிச்ச பெடியள் நிப்பாங்கள். இந்த வயசிலை நான் போய் அவங்களுக்கு முன்னாலை..." செம்பைக் கீழே வைத்தார். "இந்த முறை வேண்டாம். பிறகு பாப்பம்."

அம்மா கட்டின மாப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். கத்தவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் என்னைத்தான் சாட்டிக்கொண்டு இருந்தனீங்கள்."

அப்பா மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் பெட்டியைத் தோளில் வைத்துத் திரும்பிவந்து, மண்டபத்தில் இறக்கினார்.

அடுத்த வருஷம் கொழும்பில் தமிழரை அடித்து விரட்டிய கலவரம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து போயிருந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு திரும்பி வந்தார்கள். அப்பாவைத் தீர்க்கதரிசி என்று சொல்லாதவரில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தால் அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அப்போது அவர் தம்பலகாமத்தில் மாமாவின் உழவு மிசின்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் நகத்துக்குள் சேற்றோடு வீட்டுக்கு வருவார். "நல்ல காலம், நீர் மறிச்சீர்" என்று சனம் அம்மாவிடம் சொல்லும். "ஓம், நான்தான் மறிச்சனான்" என்பார் அம்மா. கடைசி வரைக்கும் அப்படியே சொன்னார்.

அந்த வியாழக்கிழமை இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? யாரும் போகவில்லை, யாரும் தனியே நிற்கவுமில்லை. எனக்கு அன்று திருவிழா. பெட்டியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா அறைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா பகலில் படுத்து நான் கண்டதில்லை. மா வறுத்த களைப்பு என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, கோழிகளைத் திருப்பிக் கேட்க மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி வேலியடியில் நின்றார். "பயணம் இல்லயாமே. அம்மாக்கு இப்ப சந்தோசம்தானே புள்ள?"

"ஓம் மாமி, சரியான சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, பேட்டுக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.