சாக்குத் தொங்கிய வாசல்

ஊரெல்லாம் இப்போது கள்ளர்தான் என்று பஸ்ஸிலேயே எச்சரித்தார்கள். சண்டையால் இடம்பெயர்ந்து, ஏழு வருடங்களுக்குப் பிறகு என் ஊரான கரம்பொன்னுக்குத் திரும்பியபோது என் வீட்டு முன்கதவைக் காணவில்லை. விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மேரியக்காவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அது சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

“இடம்பெயராமல் இஞ்ச இருந்து இந்தக் களவைத்தானோ செய்தனீங்கள்?” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. “ஒவ்வொரு வீடாக் கழட்டிக்கொண்டு போனவங்கள், தம்பி. உம்முடையதையாவது காப்பாத்துவம் எண்டு நான் முந்திக் கழட்டி வச்சனான். கொண்டுபோம்.”

கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். அவருடைய வாசலில் கதவில்லை, ஒரு பழைய சாக்குத்தான் தொங்கியது. என் கதவை உள்ளே வைத்துக்கொண்டு அந்தச் சாக்குக்குப் பின்னால் தூங்கியிருக்கிறார். உள்ளே போகும்போது அதை விலக்கியது என் கைதான். அப்போது அது என் கண்ணில் படவில்லை.