சத்தமில்லாத அந்த ஒரு வரி

பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பதுதான் எனக்கு ஆபீஸுக்கு அடுத்த வேலை. சுரங்க ஸ்டோர்ஸில் ஜெனரல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவேன். படம் வேண்டாமென்று தோன்றும் நாளில் பழைய கார்ட்டூன். கைகால் ரப்பராக வளைய, கோழியும் பன்றியும் ஓடிக்கொண்டிருக்கும்.

குவார்ட்டர்ஸை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் எனக்கு ரவிக்கை தைக்கும் பெண்ணுக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொக்கி வைத்துத் தருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து போனில் ஒரு கோர்ட் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டில் நின்று தாய் கதறுகிறாள். எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“அந்தம்மாவப் பாத்து சிரிக்கலக்கா. பின்னால மீசக்காரரு குந்திகினு இருக்காரு பாருங்க, சோறு வந்துடுச்சான்னு பக்கத்துல கேட்டுகினு இருக்காரு.”

அந்தப் படத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். மீசைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு தைக்கத் துணி இல்லாத ஞாயிறுகளிலும் போக ஆரம்பித்தேன். கல்யாணக் காட்சியில் ஒருவர் செருப்பு கடிக்கிறது என்கிறார். போர்க்களத்தில் ஒரு வீரன் இன்னொருவனிடம், சாயங்காலம் எந்த பஸ்ஸில் போகிறாய் என்று விசாரிக்கிறான். கார்ட்டூனையும் காட்டினேன். இதுங்க ஒண்ணும் பேசல, சும்மா மென்னுகினு இருக்குதுங்க என்றார். ஆனால் அவர் மிஷினை நிறுத்திவிட்டு ரசித்துப் பார்த்தது அவற்றைத்தான்.

எனக்கு நெடுநாளாக ஒரு படத்தைப் பற்றி ஒரு சந்தேகம் உண்டு. சின்ன வயதில் முதன்முதலாக என்னை அழவைத்த படம் அது. ரயில் கிளம்புகிறது, கதாநாயகி பிளாட்பாரத்தில் நிற்கிறாள். பின்னணியில் வயலின் மட்டும்தான். ஒரே ஒரு முறை அவள் உதடு அசையும், குரல் வராது. போய் வாருங்கள் என்கிறாள் என்பது அம்மாவின் கட்சி. நானும் வருகிறேன் என்கிறாள் என்று அக்கா சாதிப்பாள். நான் வயதுக்கேற்ப மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைத் தையல்காரப் பெண்ணிடம் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார்.

“இது நம்ம பேச்சு இல்லக்கா” என்றார்.

ஆனாலும் விடவில்லை. நடிகையைப் போலவே உதட்டை அசைத்து, அதற்கு வந்த ஒலியை வாய்விட்டுச் சொன்னார். அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: கன்லோ துப்பு படிந்தி. துப்பா தும்மா என்று மட்டும் தன்னைக் கேட்கக் கூடாது, உதட்டில் இரண்டும் ஒன்றுதான் என்றார்.

எங்கள் மேல்வீட்டில் இருப்பவர் ஆந்திராக்காரர், என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர். அன்று மாலையே சீட்டோடு படியேறினேன். படித்தார், காட்சியைப் போடச் சொன்னார், தலையாட்டினார்.

“தெலுங்குதாம்மா. அந்த நடிகைக்கும் வீட்டுல இதுதான் பேச்சு. கண்ட்லோ தும்மு படிந்தி. கண்ணுல தூசி விழுந்துடுச்சுங்கறா.”

சீட்டிலேயே அந்த வரியைத் திருத்தி எழுதிக்கொண்டேன். ஆனால் படியிறங்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிட்டது. அழுகையை மறைக்கக் கதாநாயகி சொன்ன பொய்யா அது? இல்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரிடமோ நடிகை சொன்ன நிஜமா?

மறுநாள் ஸ்டோர்ஸில் கேட்டபோது மேல்வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. காதலை மறைக்க அவள் சொல்லும் பொய்தான் என்றார். அடுத்த ஞாயிறு அர்த்தத்தைச் சொன்னதும் தையல்காரப் பெண் இன்னொரு முறை பார்த்தார், இந்தத் தடவை உதட்டைப் பார்க்காமல் கண்ணை மட்டும்.

“ஒரு கண்ணுதான் செவந்துருக்கு. அழுதா ரெண்டும் செவக்காதா?”

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மறுபடி அந்தக் காட்சியை முதலிலிருந்து போடச் சொன்னார்.