ஒரு சாண் தூக்கிப் பிடித்த குழாய்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எண்ணெய்க் கிணறுகளில் காத்தான் ஒப்பந்தத் தொழிலாளி. அடியில் கிடக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டுவர நிலத்துக்குள் தண்ணீர் செலுத்துவார்கள். அந்தத் தண்ணீரை வாராவாரம் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பது அவர் வேலை. அதில் ஒருவகைக் கிருமி உண்டு. காற்றில்லாத இடத்தில் பெருகும், அழுகிய முட்டைபோல் நாறும், இரும்பை அரிக்கும். அது இருந்தால் சோதனைக் குப்பி கறுத்துவிடும். காத்தான் கொடுத்த தண்ணீரில் ஒரு குப்பியும் கறுத்ததில்லை. அதனால் தண்ணீரில் கலக்கும் கிருமி மருந்தைக் குறைத்துவிட்டார்கள். தெருவில் அவரைத் 'தண்ணி டாக்டர்' என்றார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றெட்டு மார்கழியில், அதே ஊர் வேம்புவின் வயலில் அந்தத் தண்ணீர் போகும் இரும்புக் குழாய் வெடித்தது. பால் பிடித்த கதிரில் நாறும் உப்புத்தண்ணீர் நின்றது. பண்ணையை எதிர்த்துக் கொடி நட்டு, அவள் அப்பா சிறைக்குப் போய் வாங்கிய நிலம். குழாய் பதித்தபோது குறுக்கே படுத்து மறித்தவள் அவள். எனவே குழாயை வெட்டியதும் அவள்தான் என்றார் மேலாளர் இளையபெருமாள். அவர் மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்காரர்.

"தண்ணி சுத்தம். அப்பறம் இரும்பு தானா ஓட்டையாவுமா?" போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

வேம்பு காத்தான் வாசலில் வந்து நின்றாள். "டாக்டரே, உன் தண்ணியாலதான் நான் உள்ள போவப்போறேன்."

மறுநாள் காத்தானே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். "நான் புடிக்கிறதுல ஏதும் தப்பிருக்கான்னு பாருங்க மேடம்."

"புடிச்சுக் காட்டுங்கண்ணே," என்றாள் வேதியியலாளர் ஷம்சாத். கிணற்றடிக்கு இளையபெருமாளும் கூட வந்தார்.

ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, நிரம்பி வழியவிட்டு மூடவேண்டும். காத்தான் குழாயைப் பாட்டில் வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்தார். தண்ணீர் நுரைத்து விழுந்தது.

"என்னய்யா, டீ ஆத்துறியா?" என்று சிரித்தார் இளையபெருமாள்.

"காத்து கலந்தா கிருமி அடங்கிடும்ணே. உள்ள விடச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க மேடம்."

"அப்பறம் ஏன்?"

காத்தானுக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் பண்ணை வீட்டுக்குப் பால் கொண்டுபோனால், அவர்கள் பாத்திரத்தில் தன் செம்பு படாமல் இந்த உயரத்திலிருந்துதான் ஊற்றுவார். தாகம் என்றால் அவர் கையில் தண்ணீர் விழுந்ததும் இந்த உயரத்திலிருந்துதான். இங்கே யாரும் அப்படிப் பிடிக்கச் சொல்லவில்லை. கட்சி மேடையில் சமத்துவம் பேசியவர் காத்தான். கை மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

இளையபெருமாளின் சிரிப்பு நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது. "சரி விடுங்க. சோம்பேறித்தனம்."

"ஆமாங்க," என்றார் காத்தான் அவசரமாக.

"சோம்பேறி தூக்கிப் புடிக்க மாட்டான் சார். கை வலிக்கும்," என்றாள் ஷம்சாத். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

அவளே பிடித்த தண்ணீரில் குப்பி கறுத்தது. வேம்புமேல் புகார் போகவில்லை. காத்தானுக்கு வேலை போயிற்று.

"என்ன சொல்லி என்னைக் காப்பாத்துனே?" என்று கேட்டாள் வேம்பு.

"சோம்பேறித்தனமா புடிச்சுட்டேன்னு சொன்னேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நீயா? அறுப்புல உன் கூட எவன் நின்னான்? நெசத்தைச் சொல்லுண்ணே."

காத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதுதான் நிஜம் என்றார்.