உள்ளங்கைக்கு எட்டாத சூடு

இஸ்திரிக்காரியின் வலது கை பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. இடது கை சட்டைக் காலரை இழுத்துப் பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்து இதே தொழில். மூடியைத் திறந்து, சரிந்த கரித்துண்டை விரலாலேயே தள்ளிவிடுவாள். அடுப்புக்கே இவளைக் கண்டால் பயம் என்பான் கணவன்.

மேசைக்கு அடியில், துவைத்த போர்வைகளின் மேல் மகள் படுத்திருந்தாள். ஏழு வயது. குருவி என்று கூப்பிடுவார்கள். இரத்தப் புற்றுநோய். முதல் கட்ட சிகிச்சை முடிந்து, தலையில் முடி புல் போலத் துளிர்த்திருந்தது. மீதி சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தெர்மாமீட்டர் கொடுத்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் ஒரே வழிமுறை என்று வகுத்த பிறகு வந்த வழக்கம் அது. காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் சாதாரணக் கிருமியே உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் இஸ்திரிக்காரி செய்தாள். தண்ணீரைக் காய்ச்சினாள், இருமிக்கொண்டு வந்த நாத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பி, அந்தச் சண்டையையும் சமாளித்தாள். தெர்மாமீட்டரை மட்டும் உறையிலிருந்து எடுக்கவில்லை. பெட்டிச் சூடு பட்டுக்கா பருத்திக்கா என்று உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோயே சொல்பவளுக்கு அது எதற்கு?

நர்ஸ் வேலை பார்க்கும் நான், அன்று இஸ்திரிக்குக் கொடுத்திருந்த படுக்கை விரிப்புகளை வாங்கப் போயிருந்தேன். என்னைக் கண்டால் வம்புக்கிழுக்கும் குருவி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. காலையிலிருந்தே சோர்வுதான், தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை என்றாள் தாய். நான் குனிந்து கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது.

கையைக் காட்டு என்றேன். உள்ளங்கை முழுக்கத் தடித்துக் காய்த்திருந்தது.

"இந்தக் கைக்குக் கரியே சுடாது. புள்ளையோட காய்ச்சலா சுடப்போகுது?" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். அதையெல்லாம் ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கச் சொன்னேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பெண், இப்படியொரு குழந்தைக்கு அதுவரை வைத்தியம் பார்த்ததில்லை. முன்பென்றால் சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். பயணத்திலேயே பொழுது போய்விடும். இவளோ சுவரில் ஒட்டியிருந்த வழிமுறையைப் படித்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டாள், இரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஏற்றினாள்.

கட்டிலருகே நின்ற இஸ்திரிக்காரி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையே என்னை ஏமாத்திடுச்சே, சிஸ்டரம்மா."

"கை ஏமாத்தல. அதோட வேலையை அது ஒழுங்காத்தான் பாக்குது. காய்ச்சல் பாக்குறது அதோட வேலையில்ல, அவ்வளவுதான்."

மறுநாள் காலை குருவி கண் விழித்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தாள். தாய் அவள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள். பிறகு குனிந்து, தன் கன்னத்தை அங்கே பதித்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்ததும் வார்டு நர்ஸிடம் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி, மகளின் அக்குளில் வைத்தாள்.